பேவ்மென்ட்: நிஜமாகவே ஏனோதானோ ஆட்களா, இல்லை அப்படி நடித்தார்களா?

சுண்டைக்காய்
வெள்ளி, இரவு 11.42

ஒரு விஷயம் கேட்கணும். போன வாரம் பஸ்ஸில் வரும்போது ஸ்பாட்டிஃபையில் நான் போட்டிருந்த ஆல்பம் முடிந்துவிட்டது. போனை எடுத்து மாற்றச் சோம்பல். அதுவாகவே அடுத்து ஏதோ ஒரு பாட்டைப் போட்டது. கிட்டார் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, பாடுகிறவர் இப்போதுதான் தூங்கி எழுந்து வந்த மாதிரி. ஆனால் வரிகள் மட்டும் எதுகை மேல் எதுகையாக மூச்சுவிடாமல் வந்து விழுந்தன. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பெயரைப் பார்த்தால் 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்', குழு பேவ்மென்ட். சரி, எந்த ஆல்பம் என்று தேடினேன். அவர்கள் போட்டது மொத்தமே ஐந்து ஆல்பம். ஐந்திலும் இது இல்லை! ஆனால் அவர்களுடைய பாட்டுகளில் அங்கே அதிகம் ஓடியிருப்பது இதுதான். இது என்ன கூத்து? யார் இவர்கள், இந்தப் பாட்டை ஏன் ஒளித்து வைத்தார்கள்?

பழையகேசட்
சனி, காலை 6.10

தம்பி, இவர்கள் தொண்ணூறுகளின் அமெரிக்க ராக் குழு. நீங்கள் கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை, இப்போது நிறையப் பேர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

நான்காவது ஆல்பம் 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' பதிவானபோது இதையும் சேர்த்துத்தான் வாசித்தார்கள். 1997 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது, பாட்டைக் கழற்றிவிட்டார்கள். 1999-இல் 'ஸ்பிட் ஆன் எ ஸ்ட்ரேஞ்சர்' என்ற குட்டி வெளியீட்டில் உபரிப் பாட்டாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதே வருடக் கடைசியில் குழுவே முடிந்துபோனது. 2008-இல் அந்த நான்காவது ஆல்பத்தை மிச்சம் மீதிகளோடு மறுபடி போட்டபோது இதையும் சேர்த்தார்கள். அப்போதும் பழைய ரசிகர்களைத் தவிர யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு 2017. ஆல்பம் முடிந்ததும் அதே சாயலில் இன்னொரு பாட்டைத் தானாகப் போடும் வசதியை ஸ்பாட்டிஃபை எல்லோருக்கும் ஆன் செய்தே வைத்தது. உங்களுக்கு பஸ்ஸில் நடந்ததுதான் உலகம் முழுக்க நடந்தது. அப்புறம் டிக்டாக். 2022-இல், பாட்டு வெளிவந்து 23 வருடம் கழித்து, அதற்கு ஒரு வீடியோவும் எடுத்தார்கள்.

எழுதிப் பாடிய ஸ்டீபன் மால்க்மஸ் ஒருநாள் ஒரு பேக்கரியில் நின்றிருந்தபோது இந்தப் பாட்டு ஓடியிருக்கிறது. முதலில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு என்று நினைத்துவிட்டாராம். தன் பிள்ளையைத் தெருவில் பார்த்து 'யார் வீட்டுப் பையன் இவன்' என்று கேட்ட கதை.

மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன். கடை திறக்கணும்.

கடைசிபெஞ்ச்
சனி, காலை 9.33

ஆரம்பித்துவிட்டீர்களா! மன்னிக்கணும், எனக்கு இந்தக் குழு மேல் பெரிய மரியாதை கிடையாது. சுருதி சேர்க்காமல் பாடினால் 'பாணி', வரிகளுக்கு அர்த்தம் இல்லையென்றால் 'கவித்துவம்', மேடையில் பாதிப் பாட்டில் தடுமாறினால் 'மனதைத் தொடும் எளிமை'. நம் தெருவில் கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா இப்படி வாசித்தால் சாப்பாடு போடாமல் அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இங்கிலாந்தில் தி ஃபால் குழு எண்பதுகளில் போட்ட ரெக்கார்டுகளைக் கேளுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியும். அந்தக் குழுவின் மார்க் ஈ. ஸ்மித் இதைச் சொல்லியே பலமுறை திட்டியிருக்கிறார்.

தாளக்கட்டு
சனி, காலை 11.05

கடைசிபெஞ்ச், தி ஃபால் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். முதல் ஆல்பத்தில் அந்த வாசனை அடிக்கத்தான் செய்கிறது. ஆனால் தி ஃபாலிடம் இல்லாத ஒரு ஆள் இவர்களிடம் இருந்தார். கேரி யங். டிரம்ஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் அவரைப் பற்றிச் சொல்லியே ஆகணும்.

கலிபோர்னியாவின் உள்நாட்டில் ஸ்டாக்டன் என்று ஓர் ஊர். கடற்கரை, ஹாலிவுட் எல்லாம் கிடையாது. விவசாயப் பகுதி, நடுவில் ஆற்றுத் துறைமுகம். மால்க்மஸும் ஸ்காட் கன்பெர்க்கும் அங்கே சின்ன வயதில் சேர்ந்து கால்பந்து ஆடியவர்கள். 1989 ஜனவரியில் இரண்டு பேரும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு உள்ளூர் ஸ்டுடியோ ஒன்றுக்குப் போகிறார்கள். ஸ்டுடியோ என்றால் ஒரு வீடு. பெயர் 'லவுடர் தேன் யூ திங்க்'. வீட்டுக்காரர் கேரி யங், இவர்களைவிட 13 வயது மூத்தவர், பழைய ஹிப்பி, நீளநீளமாக, சிக்கலாக வாசிக்கிற யெஸ் மாதிரியான ப்ரோக் ராக் குழுக்களின் பக்தர். பையன்கள் வாசிப்பதைக் கேட்டால் ஒரே இரைச்சல். டிரம்ஸுக்கு ஆள் இல்லை. சரி, நானே உட்காருகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

செலவு மொத்தம் 800 டாலர். 7 அங்குல இசைத்தட்டு, 1000 பிரதி. அட்டையில் முழுப் பெயர்கூட இல்லை: மால்க்மஸ் வெறும் எஸ்.எம்., கன்பெர்க் 'ஸ்பைரல் ஸ்டேர்ஸ்'. பதிவு முடிந்த கையோடு மால்க்மஸ் வெளிநாடு சுற்றக் கிளம்பிவிட்டார். தட்டை வெளியிட்டு, கடைகளுக்கும் சின்னப் பத்திரிகைகளுக்கும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தவர் கன்பெர்க்தான்.

முதல் ஆல்பம் 'ஸ்லான்டட் அண்ட் என்சான்டட்' பதிவானதும் அதே வீட்டில். ஹெட்போனில் டிரம்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு உருட்டலும் படிக்கட்டில் பாத்திரம் உருண்டு வருவது மாதிரி வரும், கடைசிப் படியில் சரியாக வந்து நிற்கும். தாளம் தெரியாதவனால் அப்படி வாசிக்க முடியாது. கிட்டார் இரண்டும் தொளதொள என்று அலையும்போது இவர் மட்டும் பெரிய அரங்கில் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு வாசிக்கிறார். அந்த முரண்தான் அந்த ஆல்பமே.

மேடையில் இன்னும் விசேஷம். வாசலில் நின்று ரசிகர்களுக்கு முட்டைக்கோஸ் கொடுப்பார், மசித்த உருளைக்கிழங்கு கொடுப்பார். திடீரென்று தலைகீழாக நிற்பார். குடி வேறு. போதை ஏறினால் தாளம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அதற்காகவே பாப் நஸ்தனோவிச் என்ற நண்பரை இரண்டாவது தாளக்காரராகச் சேர்த்தார்கள். டிரம்மரைக் காவல் காக்க இன்னொரு டிரம்மர்! 1993-இல் யங் விலகினார். ஸ்டீவ் வெஸ்ட் வந்தார், ஒழுங்கானவர். காவல் வேலை போன பிறகும் நஸ்தனோவிச் குழுவிலேயே தங்கிவிட்டார், கத்துவதற்கும் கீபோர்டைத் தட்டுவதற்கும்.

யங் 2023 ஆகஸ்ட் 17 அன்று 70 வயதில் காலமானார். அந்த ஸ்டுடியோ பெயரிலேயே அவரைப் பற்றிய ஆவணப்படம் அதே வருடம் வந்திருந்தது.

சுண்டைக்காய்
சனி, மதியம் 1.20

முட்டைக்கோஸா!! தாளக்கட்டு அண்ணே, படிக்கட்டில் பாத்திரம் உருளும் உவமையைப் படித்துவிட்டு முதல் ஆல்பத்தைப் போட்டேன். இனிமேல் அதை வேறு மாதிரி கேட்கவே முடியாது போல.

ஆனால் ஒன்று புரியவில்லை. வீட்டில் பதிவு செய்த சத்தம், பாஸ் கிட்டாரே கேட்கவில்லை. இது எப்படிப் பெரிய பெயர் வாங்கியது?

பழையகேசட்
சனி, மாலை 6.48

பாஸ் வாசிக்கத் தனி ஆள் அப்போது குழுவில் இல்லை தம்பி. மார்க் ஐபோல்ட் பிறகுதான் சேர்ந்தார். ரசிகராக இருந்து உள்ளே வந்தவர்.

பெயர் வாங்கியது கேசட்டால். ஆல்பம் மேட்டடார் லேபிளில் 1992 ஏப்ரலில் வந்தது. அதற்கு முன்பே அதன் கேசட் பிரதிகள் பத்திரிகைக்காரர்களிடமும் இசைக்கிறுக்கர்களிடமும் கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தன. வெளிவராத ஆல்பத்துக்கு விமர்சனமே வந்துவிட்டது. என் கணக்கில், கிடைக்காத பொருளுக்கு உள்ள ருசி ஒரு காரணம். இன்னொரு காரணம் காலம். நிர்வானா குழு 1991-இல் வெடித்த பிறகு எல்லா கம்பெனிகளும் கையில் செக்கோடு அடுத்த குழுவைத் தேடிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், யார் என்றே தெரியாத, முகம் காட்டாத ஒரு குழு.

அப்போது மால்க்மஸ் நியூயார்க்கில் விட்னி ஓவிய அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஓவியத்தை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வது. கூட வேலை பார்த்தவர் நண்பர் டேவிட் பெர்மன், சில்வர் ஜூஸ் குழுவின் கவிஞர். முதல் ஆல்பத்தின் தலைப்பே பெர்மன் வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றிலிருந்து எடுத்தது. பெர்மன் 2019-இல் போய்விட்டார். அவரைப் பற்றி இங்கே ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், விட்டுவிடுகிறேன்.

1994 பிப்ரவரியில் இரண்டாவது ஆல்பம், 'க்ரூக்கட் ரெயின், க்ரூக்கட் ரெயின்'. புதியவர்கள் இதில் தொடங்குவது நல்லது. 'கட் யுவர் ஹேர்' என்ற பாட்டு ரேடியோவில் ஏறியது, எம்டிவியில் ஓடியது, ஜே லெனோவின் ராத்திரி டிவி நிகழ்ச்சியில் போய் வாசித்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாட்டே குழுக்கள் பேரும் காசும் தேடி அலைவதைக் கிண்டல் செய்கிற பாட்டு.

கடைசிபெஞ்ச்
சனி, இரவு 8.02

கிண்டல் செய்துகொண்டே லெனோவிடம் போய் வாசித்தார்கள். குறித்துக்கொள்ளுங்கள்.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டில் ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ், ஸ்டோன் டெம்பிள் பைலட்ஸ் என்ற இரண்டு பெரிய ராக் குழுக்களைப் பெயர் சொல்லி நக்கல் அடித்தார்களே, அதையும் சொல்லுங்கள். உழைத்து மேலே வந்தவர்களைப் பார்த்து 'எனக்கு அதெல்லாம் வேண்டாம்ப்பா' என்று சிரிப்பது வசதியானவன் செய்கிற வேலை. நான் பம்ப்கின்ஸ் கட்சி.

வேப்பம்பூ
சனி, இரவு 10.15

நானும் ஒருகாலத்தில் பம்ப்கின்ஸ் கட்சிதான். இரண்டு கட்சியிலும் இருக்கலாம், யாரும் அட்டை கேட்க மாட்டார்கள்.

அந்த நக்கலால் பம்ப்கின்ஸ் பாடகர் பில்லி கார்கன் கடுப்பாகி, பல குழுக்கள் சேர்ந்து ஊர் ஊராகப் போகும் லொல்லபலூசா விழாவின் 1994 சுற்றுப்பயணத்தில் பேவ்மென்ட் இருந்தால் தங்கள் குழு வராது என்று சொல்லிவிட்டதாகப் பேச்சு உண்டு. பேவ்மென்ட் அடுத்த வருடம்தான் போனார்கள். போய் என்ன ஆச்சு? மேற்கு வர்ஜீனியாவில் ஒரு மைதானத்தில் கூட்டம் சேற்றை வாரி எறிந்தது. கல்லும் வந்தது. பாதியில் இறங்கிவிட்டார்கள். 2010-இல் பிரேசிலில் ஒரே விழாவில் இரண்டு குழுவின் பெயரும் வந்தபோது கார்கன் ட்விட்டரில் மறுபடி புகைந்தார். 16 வருடம் ஆறாத புண், ஒரே ஒரு பாட்டு வரிக்கு.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 'ஏனோதானோ ஆட்கள்' என்ற பட்டம் மூன்றாவது ஆல்பத்தை வைத்துத்தான் நிலைத்தது. ரேடியோவில் ஒரு ஹிட் கொடுத்துவிட்டு, 1995 ஏப்ரலில் 'வவ்வீ சவ்வீ' என்று 18 பாட்டு. ஒன்று பங்க், ஒன்று கன்ட்ரி, ஒன்று ஒரு நிமிடத்தில் முடிந்து போகும், ஒன்று எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. முதல் சிங்கிளாக வெளியிட்டது நொண்டி நொண்டி நடக்கிற ஒரு பாட்டு. எம்டிவியின் பீவிஸ் அண்ட் பட்ஹெட் கார்ட்டூனில் அதைப் போட்டு, இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கடா என்று ஏசினார்கள். வெற்றியை வேண்டுமென்றே உதறினார்கள் என்று ரசிகர்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். உழைக்கத் தெரியவில்லை என்று கடைசிபெஞ்ச் மாதிரி ஆட்கள் சொல்வார்கள்.

இரண்டுமே இல்லை என்று நினைக்கிறேன். மால்க்மஸ் பிறகு ஒரு பேட்டியில் சொன்னதன் சாரம்: அப்போது நிறையக் கஞ்சா புகைத்துக்கொண்டிருந்தேன், எனக்கு அவையெல்லாம் ஹிட் பாட்டாகத்தான் கேட்டன. இதை எல்லோரும் ஜோக்காக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படியே நம்புகிறேன். மனிதர் எதையும் உதறவில்லை. எது ஹிட் என்று அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நொண்டிப் பாட்டை முன்னால் நிறுத்தினார், 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்'ஸைத் தூக்கி அலமாரி மேல் போட்டார். சுண்டைக்காய் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒளித்து வைக்கவில்லை, அடையாளம் தெரியவில்லை.

தாளக்கட்டு
ஞாயிறு, காலை 7.50

வேப்பம்பூ, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மெனக்கெடவே இல்லை என்று அர்த்தமாகிவிடக் கூடாது. 'பிரைட்டன் தி கார்னர்ஸ்' கேளுங்கள். எல்லாம் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் ப்ளர் குழு 1997-இல் தங்கள் சத்தத்தையே மாற்றிக்கொண்டதற்கு இந்தக் குழுவைக் கேட்டதும் ஒரு காரணம். கிட்டார்காரர் கிரஹாம் காக்ஸன் பெரிய பேவ்மென்ட் ரசிகர்.

வேப்பம்பூ
ஞாயிறு, காலை 8.31

மெனக்கெடவில்லை என்று சொல்லவில்லை. வரி வரியாகச் செதுக்குகிறார், அது உழைப்பு இல்லாமல் வராது. தன் சரக்கைத் தானே எடை போடத் தெரியாது என்கிறேன். நல்ல தட்டார்களில் அப்படிப்பட்டவர்கள் உண்டு, நகை செய்வார்கள், விலை சொல்ல வராது.

கடைசிபெஞ்ச்
ஞாயிறு, காலை 10.12

சரி, அந்தத் தட்டார் உவமைக்காகவே நேற்று ராத்திரி 'க்ரூக்கட் ரெயின்' மறுபடி கேட்டேன். முழுசாக. இரண்டு பாட்டு பிடித்தது. எது என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கொண்டாடுவீர்கள்.

கடைசி ஆல்பத்துக்கு இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழுவின் தயாரிப்பாளரைக் கூட்டி வந்தார்களே, அது என்ன கணக்கு? விலை சொல்லத் தெரியாதவர்கள் செய்கிற காரியமா அது?

பழையகேசட்
ஞாயிறு, மதியம் 12.40

நியாயமான கேள்வி. நைஜல் காட்ரிச். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' 1997-இல் வந்த பிறகு எல்லோரும் தேடிய ஆள். 1999 ஜூனில் வந்த 'டெரர் ட்விலைட்' அவர் கையில் உருவானது. ரேடியோஹெட்டின் கிட்டார்காரர் ஜானி க்ரீன்வுட் அதில் ஹார்மோனிகா வாசித்திருக்கிறார்.

சத்தம் அழகாக இருக்கும், கண்ணாடி மாதிரி. ஆனால் அது ஒரு குழுவின் ஆல்பமாக எனக்குக் கேட்கவில்லை. சில பாட்டுகளில் டிரம்ஸுக்கே வெளியாள். பாட்டுகளின் வரிசையிலும் கருத்து வேறுபாடு. காட்ரிச் விரும்பிய வரிசை 2022 மறுபதிப்பில்தான் வந்தது. எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது ஒன்று. அந்த ஆல்பத்தில் கன்பெர்க்கின் பாட்டு ஒன்றுகூட இல்லை. முந்தைய ஆல்பத்தில் இரண்டு இருந்தன. மால்க்மஸ் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது அந்த முதல் தட்டைப் பொட்டலம் கட்டித் தபாலில் அனுப்பிய ஆள் அவர். பத்து வருடம் கழித்து ஒரு பாட்டுக்கும் இடமில்லை.

1999 நவம்பர் 20, லண்டன் பிரிக்ஸ்டன் அகாடமி. மால்க்மஸ் ஒலிவாங்கித் தண்டில் ஒரு கைவிலங்கை மாட்டித் தொங்கவிட்டு, குழுவில் இருப்பது இத்தனை வருடமும் இப்படித்தான் இருந்தது என்று கூட்டத்திடம் சொன்னார். அதுதான் கடைசி. பக்கத்திலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்த மற்ற நாலு பேர் முகத்தையும் நினைத்துப் பாருங்கள்.

தாளக்கட்டு
ஞாயிறு, மதியம் 2.05

அந்தக் கைவிலங்கு விஷயத்தில் எனக்கு மால்க்மஸ் மேல் கோபம் உண்டு. ஐந்து வருடம் ஒரு குழுவில் வாசித்தவன் நான், சின்னக் குழுதான், காலேஜ் விழாக்கள், ஒரு ஹோட்டல். பிரிவது தப்பில்லை. பிரியப்போகிறோம் என்பதை மேடையில் ஜாடை காட்டிச் சொல்வது தப்பு. எங்களுக்கும் அப்படித்தான் தெரிய வந்தது, சவுண்ட் செக்கில்.

சுண்டைக்காய்
ஞாயிறு, மாலை 5.17

பிறகு எல்லோரும் என்ன ஆனார்கள்? சேர்ந்தார்கள் என்று எங்கேயோ பார்த்தேனே?

பழையகேசட்
ஞாயிறு, இரவு 9.26

இரண்டு தடவை. 2010-இல் ஒரு சுற்று. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரு நாள் என்று ஒரு வருடம் முன்னாலேயே டிக்கெட் விற்க ஆரம்பித்து, கேட்ட கூட்டத்தைப் பார்த்து நாலு நாள் ஆக்கினார்கள். அதன் பிறகு 12 வருடம் சத்தமே இல்லை. 2020-இல் பார்சிலோனாவில் சேர்வதாக இருந்து கொரோனாவில் தள்ளிப்போய், 2022-இல் மறுபடி கிளம்பினார்கள்.

மற்றபடி மால்க்மஸ் தன் பெயரில் 2001-லிருந்து ஆல்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஐபோல்ட் சில வருடம் சோனிக் யூத் குழுவில் பாஸ் வாசித்தார். வெஸ்ட் கல் வேலை செய்கிற கொத்தனார், நிஜமாகவே. நஸ்தனோவிச் குதிரைப் பந்தய உலகத்தில். 2024-இல் வெனிஸ் விழாவில் 'பேவ்மென்ட்ஸ்' என்று ஒரு படம் வந்தது. பாதி ஆவணப்படம், பாதி பொய்யாக எடுத்த வாழ்க்கை வரலாறு. இந்தக் குழுவுக்கு அப்படித்தான் எடுக்கணும்.

கடைசிபெஞ்ச்
ஞாயிறு, இரவு 10.03

2022 நிகழ்ச்சிகளின் வீடியோ இரண்டு மூன்று பார்த்தேன். 'ஹார்னஸ் யுவர் ஹோப்ஸ்' ஆரம்பித்ததும் முன்வரிசையில் இருபது வயதுப் பிள்ளைகள் வரி விடாமல் கூடவே பாடுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பிறந்தபோது இந்தக் குழுவே இல்லை. கூட்டத்தின் பின்பக்கம் என் வயதுக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களுக்குப் பாதி வரிதான் தெரியும். இது எனக்குப் பிடித்திருந்தது. மற்றபடி என் கருத்தில் மாற்றமில்லை.

சுண்டைக்காய்
புதன், இரவு 11.58

எல்லோருக்கும் நன்றி. முதல் சம்பளத்தில் ஒரு பழைய ரெக்கார்ட் பிளேயர் வாங்கி வைத்திருக்கிறேன். வேப்பம்பூ அக்கா பேச்சைக் கேட்டு, இணையத்தில் ஒருவரிடம் 'வவ்வீ சவ்வீ' பழைய இசைத்தட்டு வாங்கினேன். இரண்டு தட்டு. மூன்று பக்கம் பிரமாதம். நாலாவது பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? திருப்பி அனுப்பலாமா?

வேப்பம்பூ
வியாழன், காலை 6.40

அனுப்பாதீர்கள்! அது அப்படித்தான். பாட்டு மூன்று பக்கத்துக்குத்தான் வந்தது, நாலாவதைக் காலியாகவே விட்டுவிட்டார்கள். அதில் மட்டும் ஊசியை வைத்துவிடாதீர்கள், ஊசி போய்விடும்.

சுண்டைக்காய்
வியாழன், காலை 6.52

வைத்துவிட்டேன் அக்கா.